இரண்டாவது முறை யார் வாசிப்பார்கள்?

வணக்கம். குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ பார்த்த பிறகு, அதில் வரும் இசையமைப்பாளர் லிகெட்டியின் ‘அட்மாஸ்ஃபியர்ஸ்’ இசையைத் தேடிக் கேட்டேன். அது ஜெர்மனியில் டோனாவ்எஷிங்கன் என்ற சிற்றூரின் நவீன இசை விழாவில் அரங்கேறியதாம். அங்கே ஆண்டுதோறும் புதிய ஆர்கெஸ்ட்ரா படைப்புகளை அரங்கேற்றுகிறார்கள். அவற்றில் பல மறுபடி ஒலிப்பதே இல்லை. ஒரு மாலைக்காக அத்தனை பேர் உழைப்பது, அதுவும் வானொலிக் கட்டணமாக மக்கள் தரும் பணத்தில், வீண் செலவு இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வீண் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் கேட்ட இசையை வைத்தே சொல்கிறேன்.

‘அட்மாஸ்ஃபியர்ஸ்’ 1961 அக்டோபர் 22 அன்று அரங்கேறியது. தென்மேற்கு ஜெர்மன் வானொலியின் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது, ஹான்ஸ் ரோஸ்பாட் நடத்தினார். வழக்கமாக முதல் வயலின்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே வரியை வாசிப்பார்கள். இதிலோ தந்தி வாத்தியக்காரர்கள் 56 பேருக்கும் தனித்தனி வரி. தொடக்கத்தில் ஏறக்குறைய ஐந்து ஸ்தாயிகளின் அத்தனை ஸ்வரங்களும் ஒரே நேரத்தில், மிக மெல்லிதாக எழ வேண்டும். மெட்டு இல்லை, தாளமும் காதுக்குப் பிடிபடாது. இப்படி ஒன்றைப் பியானோவில் வாசித்துப் பார்த்துத் திருத்த வழியே கிடையாது. எழுதியவர்கூட அதை முதன்முதலில் கேட்பது ஒத்திகையில்தான்.

அந்த ஒத்திகை நேரம்தான் விழா தரும் பெரிய கொடை. வாராவாரம் கச்சேரி செய்யும் ஆர்கெஸ்ட்ராவில் புதிய படைப்புக்குக் கிடைப்பது மிச்சம் மீதி நேரம்; டிக்கெட் விற்றுத் தருவது பிராம்ஸ் போன்ற பழைய மேதைகளின் இசைதானே! டோனாவ்எஷிங்கன் விழா 1921-இல் ஃபூர்ஸ்டன்பெர்க் பிரபுவின் ஆதரவில் சிறிய அளவில் தொடங்கியது. 1950-இல் வானொலி தன் ஆர்கெஸ்ட்ராவோடு உள்ளே வந்த பிறகுதான் பெரிய படைப்புகளைப் பொறுமையாகத் தயார் செய்ய முடிந்தது. ‘அட்மாஸ்ஃபியர்ஸ்’ முடிந்ததும் கூட்டம் மறுபடி கேட்க வேண்டும் என்றது. முழுவதையும் இன்னொரு முறை வாசித்தார்கள். ஒத்திகை அரைகுறையாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

சரி, ஒரே மாலையோடு முடிந்துபோனவை? இசையமைப்பாளர் பியர் பூலேஸின் ‘பொலிஃபோனி எக்ஸ்’ 1951-இல் இதே விழாவில், இதே ரோஸ்பாட் நடத்தி அரங்கேறியது. அரங்கில் ஒரே கூச்சல். பிறகு பூலேஸே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த மாலையை என்னால் நஷ்டக் கணக்கில் எழுத முடியாது. 26 வயது இளைஞர் ஒருவர் தன் கொள்கையை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்று பார்த்தார், காதால் கேட்டார், வேண்டாம் என்று முடிவு செய்தார். 1962-இல் அதே ஊரில் அவருடைய ‘ப்ளி சலோன் ப்ளி’ முழு வடிவில் ஒலித்தது.

உங்கள் வருத்தத்தில் ஒரு பாதி நியாயம், அதை மறுக்க மாட்டேன். முதல் அரங்கேற்றம் என்றால் செய்தி வருகிறது, நிதி வருகிறது, விமர்சகர்கள் வருகிறார்கள். அதை இரண்டாவதாக வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கு இதில் எதுவும் கிடையாது. இசைக்குறிப்புப் பிரதிகளில் இருந்த பிழைகள் திருத்தப்பட்டு, வாசிக்கும் முறையும் தெளிவாகி, எல்லாம் எளிதாகிவிட்ட நேரத்தில் யாரும் எடுத்து வாசிப்பதில்லை. என்னைக் கேட்டால், ஒவ்வொரு விழாவும் ஒரு பங்கு பணத்தை இரண்டாம் வாசிப்புக்கென்றே ஒதுக்க வேண்டும்.

ஆனால் சிக்கனம் என்ற பேச்சை எடுத்தால் வெட்டு எங்கே விழும் என்பதையும் பாருங்கள். ‘அட்மாஸ்ஃபியர்ஸ்’ வாசித்த அந்த ஆர்கெஸ்ட்ராவைச் செலவைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி 2016-இல் ஸ்டுட்கார்ட் வானொலி ஆர்கெஸ்ட்ராவோடு இணைத்துவிட்டார்கள். அந்த முடிவை எதிர்த்து 2012 விழாவில் இசையமைப்பாளர் யோஹான்னஸ் கிரைட்லர் ஒரு வயலினையும் செல்லோவையும் ஒன்றாகக் கட்டி, மேடையிலேயே உடைத்தார். புதிய இசையை வாசித்து வாசித்துப் பழகிய கைகள் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் சேரப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அதைக் கலைப்பதைத்தான் நான் வீண் செலவு என்பேன்.

அடுத்து போலந்து இசையமைப்பாளர் பெண்டரெட்ஸ்கியின் ‘அனாக்ளாசிஸ்’ கேளுங்கள். 42 தந்தி வாத்தியங்களும் தாளக் கருவிகளும் கொண்டது. 1960-இல் இதே விழாவில் அரங்கேறியது. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்