தண்ணி டம்ளரில், பால் மட்டும் பாட்டிலில்: 16 மாதக் குழந்தை

16 மாசப் பையன் தண்ணியை டம்ளர்ல குடிக்கிறான், பாலுக்கு மட்டும் பாட்டில்தான் வேணும்ங்கிறான், எப்படி நிறுத்துறதுன்னு கேட்டிருக்கீங்க. ராத்திரி பாட்டிலை முதல்ல நிறுத்தாதீங்க, அதுதான் கடைசி. மதியப் பாட்டிலை இப்போ எடுங்க, நாலஞ்சு நாள் கழிச்சு காலைப் பாட்டில்.

தண்ணியை டம்ளர்ல குடிக்கிறான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ குடிக்கத் தெரியாம இல்ல. பால், பாட்டில், தூக்கம் மூணும் அவனுக்கு ஒண்ணாயிடுச்சு.

ஒரு சோதனை: விளையாடி முடிச்ச நேரத்துல, சாப்பிடுற இடத்துல உட்கார வெச்சு, அதே டம்ளர்ல 30 மில்லி பால் குடுங்க. குடிச்சுட்டா பழக்கம்தான் காரணம். துப்பினா பாலைத் தொட்டுப் பாருங்க. பாட்டில்ல வெதுவெதுப்பாவும் டம்ளர்ல ஆறி ஆடை படிஞ்சும் இருந்தா எந்தப் பிள்ளை குடிக்கும்? வடிகட்டி, அதே சூட்டுல குடுங்க.

ராத்திரி முறை வரும்போது:
1. மூணு நாளைக்கு ஒருதரம் பாட்டில்ல 30 மில்லி குறைங்க. குறைச்சதை படுக்க அரைமணி முன்னாடி டம்ளர்ல குடுங்க.
2. மிச்சப் பாட்டில் பாலும் முடிஞ்ச அப்புறம் பல் தேய்ச்சு விடுங்க.
3. அதுக்கப்புறம் பாட்டில் கேட்டு அழுதா வெறும் தண்ணி மட்டும். பால் வாயில ஊறினபடியே தூங்கினா முன்பல் சொத்தையாகும்.

உறிஞ்சினாத்தான் வரும்ங்கிற வால்வு வெச்ச சிப்பர் வாங்காதீங்க, அதுவும் பாட்டில் மாதிரிதான்.

பால் குறையுதேன்னு பதறவேண்டாம். இந்த வயசுக்கு நாளைக்கு 400–500 மில்லி போதும், தயிரும் அதுல சேர்த்தி. காய்ச்சல் இருக்கிற வாரத்துல மட்டும் ஆரம்பிக்காதீங்க. டம்ளர்ல எது குடிச்சாலும் ஒவ்வொரு தடவையும் புரையேறுதுன்னா, குழந்தை டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் பாருங்க.