சித்தியின் திருமணத்தில் அம்மா ஏன் அழுதாள்?

தங்கையின் திருமணத்தில் நீங்கள் கண்கலங்கியதைப் பார்த்த ஐந்து வயது மகள், "உனக்குச் சித்தியைப் பிடிக்காதா?" என்று இரண்டு வாரமாகக் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது பிடிவாதமன்று, எதிரெதிரான இரண்டு உணர்ச்சிகள் ஒரே நேரத்தில் ஒருவருக்குள் இருக்கும் என்பதைச் சிறு குழந்தைகளால் எளிதில் ஏற்க முடிவதில்லை என்பதை அமெரிக்க உளவியலாளர் சூசன் ஹார்ட்டர் 1980களில் செய்த ஆய்வுகள் காட்டின. ஆகவே, அவள் நாக்கு அறிந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். என் அண்ணன் வெளிநாடு புறப்பட்டபோது இதே கேள்வியைக் கேட்ட என் மகனுக்கு, மாங்காய்க் கீற்றில் மிளகாய்த்தூள் தூவிக் கொடுத்து, "புளிக்கிறதா, உறைக்கிறதா?" என்றேன், கண்ணைச் சுருக்கிக்கொண்டே "ரெண்டும்" என்றவனிடம், "என் மனமும் அப்படித்தான் இருந்தது" என்றேன். "உன்னால் நான் அழவில்லை" என்பதையும் அவளிடம் தவறாமல் சொல்லுங்கள். பெரியவர்களின் கண்ணீருக்குத் தாங்களே காரணம் என்று குழந்தைகள் எண்ணிக்கொள்வதுண்டு.