வாக்குத்தத்த அட்டையும் மண்பாண்டத்துப் பத்திரமும்

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

நாலைந்து வருஷமாக உங்களைப் படித்து வருகிறேன். இதுவரை எழுதியதில்லை. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு நாற்பத்தொரு வயது. வில்லாபுரத்தில் இருக்கிறோம். பதினாறு வருஷமாக ஒரே கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். இரண்டரை மாதத்துக்கு முன்னால் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். மூன்று மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கடன் இன்னும் ஒன்பது வருஷம் கட்ட வேண்டும். அப்பாவுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மூத்தவள் பத்தாம் வகுப்பு.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை அக்கா. காலையில் எட்டரைக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். தெப்பக்குளத்துப் பக்கம் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து, போனில் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறேன். சாயங்காலம் திரும்பிப் போகிறேன். கையில் கொடுத்த பணத்தைத்தான் மாதாமாதம் சம்பளம் போல மனைவியிடம் கொடுக்கிறேன். அடுத்த மாதம் அதுவும் தீர்ந்துவிடும்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்தம் எரேமியா 29:11. அந்த அட்டை இன்னும் பர்ஸில்தான் இருக்கிறது. எடுத்துப் பார்க்கவே மனசு வரவில்லை. ஜெபக்குழுவில் ஒருவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். உங்கள் விசுவாசத்தில் எங்கேயோ குறை இருக்கிறது என்றார். இன்னொரு இடத்தில், விதைப்புக் காணிக்கை கொடுங்கள், நாற்பது நாளில் கதவு திறக்கும் என்றார்கள். ஐயாயிரம் கொடுத்தேன். போன புதன்கிழமை நாற்பது நாள் முடிந்தது.

கர்த்தர் எனக்குக் கொடுத்த வார்த்தை பொய்யா, இல்லை என் விசுவாசம்தான் பொய்யா? மனம் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர், மதுரை

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் கேட்டதற்கு வருவதற்கு முன் அந்த ஐயாயிரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இனி ஒரு ரூபாய்கூட அப்படிக் கொடுக்காதீர்கள். வேலை போனவனிடம் நாள் குறித்துக் காசு வாங்குவது ஊழியம் இல்லை. காணிக்கை நன்றியாகக் கொடுப்பது. கதவு திறப்பதற்குக் கட்டுகிற கட்டணமாக அதை மாற்றியவர்கள் கர்த்தருடைய பெயரைக் கெடுக்கிறார்கள். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. விசுவாசக் குறைவு என்று சொன்னவரையும் விட்டுவிடுங்கள். ஒரு பிரிவை மூடுவது கம்பெனியின் முடிவு. உங்கள் விசுவாசத்தை அளந்து பார்த்து அவர்கள் அந்த முடிவை எடுக்கவில்லை.

சரி, அந்த அட்டைக்கு வருகிறேன்.

வேறு சமயத்து வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. வருஷக் கடைசி ராத்திரி ஆராதனை முடிகிற நேரத்தில், வேத வசனங்கள் அச்சிட்ட சிறு அட்டைகளைத் தட்டில் வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுப்போம். அந்த வருஷத்துக்கான வாக்குத்தத்தம் என்று அதை வேதாகமத்துக்குள்ளோ பர்ஸிலோ வைத்துக்கொள்வோம். சின்ன வயதிலிருந்து நானும் எடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அட்டையில் ஒரு வசனம்தான் அச்சாகிறது. அதற்கு முன்னால் இருப்பது அச்சாவதில்லை.

உங்கள் அட்டையில் இருப்பது, கர்த்தர் நினைத்திருக்கிற நினைவுகள் ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்கிற வசனம். அது ஒரு கடிதத்தில் வருகிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. அதற்கு ஒரு வசனம் முன்னால் பாருங்கள், எழுபது வருஷம் என்று இருக்கும். உங்கள் வயதில் ஒருவர் அந்தக் கடிதத்தைக் கேட்டிருந்தால் அவருக்கு என்ன புரிந்திருக்கும்? நான் ஊர் திரும்பப் போவதில்லை என்று புரிந்திருக்கும். சமாதானத்தின் நினைவுகள் என்கிற வார்த்தையை முதலில் கேட்டவர்கள் அவர்கள்தான்.

இன்னும் கொஞ்சம் மேலே போனால், அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறார். வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். அவ்வளவும் அன்றாட வேலை.

அப்புறம் முந்தின அதிகாரத்தையும் படியுங்கள். இருபத்தெட்டு. அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொல்கிறான். பாபிலோனுக்குப் பணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். எரேமியா முதலில் சொன்ன பதில் என்ன தெரியுமா? ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றார். அந்த இடம் வரும்போதெல்லாம் என் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அவருக்கும் அதுதான் ஆசை. சீக்கிரம் முடிய வேண்டும் என்றுதான் அவரும் நினைத்தார். ஆனால் ஆசையைக் கர்த்தரின் வார்த்தை என்று அவர் விற்கவில்லை. நாற்பது நாள் என்று உங்களிடம் சொன்னது அனனியாவின் குரல், தம்பி.

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. வார்த்தை பொய்யில்லை, உங்கள் விசுவாசமும் பொய்யில்லை. அந்த வார்த்தை சொல்லாத ஒன்றை அது சொன்னதாக நாம் எல்லோருமாகச் சேர்ந்து உங்களை நம்ப வைத்துவிட்டோம். இந்த வருஷம் எதுவும் கைவிட்டுப் போகாது என்று அது சொல்லவே இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2021 மே மாதம் என் கணவருக்குக் கொரோனா வந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். உள்ளே விடவில்லை. எனக்கும் தொற்று இருந்ததால் பசுமலை வீட்டில் தனியாகக் கிடந்தேன். முதல் நாலு நாள் முழங்காலில் நின்று மன்றாடினேன். ஐந்தாவது நாள் வாயில் ஒரு வார்த்தையும் வரவில்லை. முப்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கே ஒன்றும் வரவில்லை. கடைசியில் பரமண்டல ஜெபத்தைச் சொன்னேன். அதை மனம் யோசிக்க வேண்டியதில்லை, வாய்க்கே தெரியும். ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்’ என்கிற இடத்தில் நின்றுவிட்டேன். இன்று. எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், அந்த வார்த்தை அங்கே இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் கொடுத்த ஆகாரமான மன்னாவை மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தபோது அது புழுத்துப்போனது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் எடுத்தது மட்டும்தான் கெடவில்லை. நாளைக்கான தைரியமும் அப்படித்தான், இன்றைக்கே கையில் வந்து சேராது. அன்றைக்கு ராத்திரி எனக்கு வேண்டியிருந்தது அந்த ராத்திரிக்கான அளவு. அது கிடைத்தது.

அவர் பிழைக்கவில்லை.

அதன் பிறகும் சாயங்காலம் ஆறரைக்கு எங்கள் சபையின் வயதான அத்தை ஒருவர் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். டிபன் கேரியரைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்று ஒரு கீர்த்தனை பாடுவார். குரல் நடுங்கும், சுருதி எங்கேயோ போகும். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். ஆறுதல் என்று ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. பாடி முடித்ததும் ‘சாப்பிடு, நாளைக்கு வாரேன்’ என்பார். பதினாலு நாள் வந்தார். மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் தனியாக நிற்கவில்லை. அந்த அத்தை நின்றார், நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். இன்றைக்கு ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு உங்கள் மனைவியிடம், என் தங்கச்சியிடம், சொல்லிவிடுங்கள். கஷ்டம் தெரியாமல் இருக்கட்டும் என்ற அன்பில்தான் மறைத்தீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் மனம் ஒரு இடத்தில் நிற்காததற்குப் பாதிக் காரணம் எட்டரை மணிப் பைதான். காலையில் வீட்டில் ஒரு நடிப்பு, சாயங்காலம் ஒரு நடிப்பு. நடுவில் கர்த்தரிடம் மட்டும் உண்மை பேச முயற்சிக்கிறீர்கள். அது யாராலும் முடியாது. தங்கச்சி கோபப்படலாம். வேலை போனதற்கு இருக்காது, இரண்டரை மாதம் சொல்லாததற்கு இருக்கும். அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து, தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்கு நேரில் போய் நிலைமையைச் சொல்லுங்கள். தவறின பிறகு போவதைவிட முன்னால் போய்ப் பேசுவது நல்லது. உங்கள் ஆயரிடமும் சொல்லுங்கள். சபையில் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடுகிற வியாபாரிகள் இருப்பார்கள். நீங்கள் தேடுவது அவர்களுக்குத் தெரிய வேண்டும் இல்லையா?

நீங்கள் உட்காருகிற தெப்பக்குளம் திருமலை நாயக்கர் 1645ல் வெட்டியது. அதற்கும் 39 வருஷம் முன்னால், 1606ல், இத்தாலியிலிருந்து ராபர்ட் தெ நொபிலி என்கிற சேசு சபைக் குருவானவர் இந்த ஊருக்கு வந்தார். வந்தபோது வயது முப்பதுகூட ஆகவில்லை. காவி கட்டி, மரக்கறி உணவு உண்டு, தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் படித்தார். தத்துவ போதகர் என்று ஊர் அழைத்தது. அவர் போகிற வழி தவறு என்று 1610ல் சக குருவானவரே மேலிடத்துக்கு எழுதிவிட்டார். விசாரணை கோவாவுக்கும் ரோமாபுரிக்குமாக அலைந்தது. போப்பாண்டவரின் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது 1623 ஜனவரியில். பதின்மூன்று வருஷம் தம்பி! நாளைக்கு ஒரு கடிதம் வந்து எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லலாம் என்கிற நிலையிலேயே அவர் மதுரையில் படித்தார், எழுதினார். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), அவர் கத்தோலிக்கர். சாதி விஷயத்தில் அவர் எடுத்த வழியோடு எனக்குப் பெரிய மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் முடிவு தெரியாமல் வேலை செய்கிற அந்தப் பொறுமைக்கு முன்னால் தலை குனிகிறேன். தீர்ப்பு வந்த பிறகும் வாழ்க்கை சுலபமாகிவிடவில்லை. அறுபது வயது தாண்டி, 1640ல், இதே மதுரையில் சிறையில் இருந்தார்.

எரேமியாவிடமே திரும்பி வருகிறேன். உங்கள் அட்டையிலிருந்து மூன்று அதிகாரம் தள்ளி, முப்பத்திரண்டில், ஒரு நிலக்கிரயம் வருகிறது. கணக்குப் பார்க்கிற உங்களுக்குப் பிடிக்கும். எருசலேமைச் சுற்றி பாபிலோன் படை நிற்கிறது. எரேமியா அரண்மனைக் காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய தகப்பனின் சகோதரன் மகன் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரிப் படை நிற்கிற நாட்டில் யாராவது நிலம் வாங்குவார்களா? அவர் வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளி. தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குகிறார். முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று, இரண்டையும் ரொம்ப நாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லி தம் எழுத்தர் பாருக்கிடம் கொடுக்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் தோட்டமும் வாங்குவார்கள் என்பது கர்த்தர் சொன்ன வார்த்தை.

இதற்கு அடுத்துதான் அவர் ஜெபம் பண்ணுகிறார். பத்திரத்தைக் கொடுத்த பின்பு. அந்த ஜெபத்தின் முடிவில், நகரமே கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகப்போகிறது, நீரோ என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்று கேட்கிறார். அவருக்கும் புரியவில்லை! புரியாமலேதான் வெள்ளியை நிறுத்துக் கொடுத்திருக்கிறார். அடுத்த வருஷம் நகரம் விழுந்தது. ஜனங்கள் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நிலத்தில் அவர் ஒரு நாள் உழுததாக வேதத்தில் எங்கும் இல்லை.

நான் விசுவாசம் என்று சொல்வது அந்தப் பதினேழு சேக்கலைத்தான். கை நடுங்கிக்கொண்டே நிறுத்துக் கொடுக்கலாம். கேள்வியைப் பிறகு கேட்கலாம்.

அட்டையைப் பர்ஸிலேயே வைத்திருங்கள், தூக்கிப்போட வேண்டாம். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தால் ஐந்தாம் வசனத்தைப் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். தோட்டம் போடச் சொல்கிற வசனம். ஜெபத்தில் வார்த்தை வராத நாளில் பதின்மூன்றாம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஆறு வசனம்தான். ‘எதுவரைக்கும்’ என்று நாலு தடவை தாவீது கேட்கிறார். அதையே நீங்களும் கேட்கலாம், யாரும் அதை விசுவாசக் குறைவு என்று சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பசுமலைக்கு வாருங்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் அவரையும் ஆட்டோவில் கூட்டி வாருங்கள், என் வீட்டுக்குப் படி ஏற வேண்டியதில்லை. மதியச் சாப்பாடு இங்கேதான். கீர்த்தனை பாடின அத்தையும் வருவார். முகவரியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா