75 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும் எலெக்ட்ரிக் மவுன்டன் பைக், மலையில் மண்பாதையில் பாதியாவது போகுமா?

பாதியாவது போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. விளம்பரத்தில் 75 போட்டிருக்கிறார்கள், எஸ்டேட் பாதையில் 35 வந்தாலே எனக்குப் போதும், வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி. இதே பாதிக் கணக்கைப் போட்டுக்கொண்டுதான் நானும் போன ஜனவரியில் கோத்தகிரியில் கிளம்பினேன். 22-வது கிலோமீட்டரில் வண்டி நின்றுவிட்டது.

நீங்களும் என்னைப் போல சமவெளியில் வாங்கி, காரின் பின்னால் மாட்டி மேலே கொண்டுபோகிற ஆள் என்றே நினைக்கிறேன். என் வண்டி பின் சக்கரத்தில் 250 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருப்பது) உள்ள, லைசென்ஸ் தேவைப்படாத ரகம். பேட்டரி 36 வோல்ட், 10.2 ஆம்பியர் ஹவர். இரண்டையும் பெருக்கினால் 367 வாட் ஹவர், பேட்டரியில் மொத்தம் எவ்வளவு சக்தி இருக்கும் என்பதன் அளவு. வாங்கிய கடையில் இந்த எண்ணை ஒருவர்கூட சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிலோமீட்டரைத்தான் கேட்டேன், அவர்களும் கிலோமீட்டரைத்தான் சொன்னார்கள்.

அன்று என்ன நடந்தது என்றால், மனைவியின் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தோம். கீழ்க்கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் அவருக்குப் பழக்கம், மேனேஜரிடம் சொல்லி அனுமதி வாங்கிக் கொடுத்தார். (அனுமதி இல்லாமல் எஸ்டேட்டுக்குள் போகாதீர்கள், வனத்துறைக் காட்டுக்குள் போகவே போகாதீர்கள். இதைச் சொல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள்.) மொத்தம் 31 கிலோமீட்டர். முதலில் ஏற்றமும் இறக்கமுமாக 250 மீட்டர் ஏற வேண்டும், அப்புறம் ஓடை வரைக்கும் 450 மீட்டர் இறக்கம், அதே 450-ஐத் திரும்ப ஏற வேண்டும். கிளம்பும்போது மச்சான், "இறங்கும்போது சார்ஜ் ஏறிக்குமா மாப்ள?" என்று கேட்டார். ஏறும் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஏறாது. இந்த வகை ஹப் மோட்டார், இறக்கத்தில் சக்கரத்திலிருந்து கழன்று சும்மா இருக்கும். பிரேக் பிடித்த சக்தியெல்லாம் டிஸ்க்கில் சூடாகப் போய்விடும், பேட்டரிக்கு ஒரு துளிகூட வராது.

முதல் பத்து கிலோமீட்டர் அசிஸ்ட் (மிதிக்கும்போது மோட்டார் எவ்வளவு உதவ வேண்டும் என்ற அளவு) 4-ல் வைத்து, மேடு வந்தால் மிதிக்காமலே மோட்டாரை ஓட்டும் த்ராட்டிலையும் திருகிக்கொண்டு போனேன். திரையில் சார்ஜ் காட்டும் ஐந்து கோட்டில் மூன்று மீதி இருந்தது. ஓடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு ஏற ஆரம்பித்ததும்தான் தெரிந்தது. ஏற்றத்தில் திருகினால் மூன்று கோடு ஒன்றாகிவிடுகிறது, நின்றால் மறுபடி மூன்று. 36 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 42 வோல்ட் காட்டும், 31 பக்கம் வந்தால், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கன்ட்ரோலர் துண்டித்துவிடும். செங்குத்தான ஏற்றத்தில் கரண்ட் அதிகமாக இழுக்கும்போது வோல்ட் தற்காலிகமாகச் சரியும், அதைத்தான் அந்தக் கோடுகள் காட்டுகின்றன. குளிரிலும் இந்தச் சரிவு அதிகம், நான் வேறு ராத்திரி முழுக்க வண்டியை வெளித் திண்ணையில் நிறுத்தியிருந்தேன். 190 மீட்டர் ஏறியதும் திரை அணைந்தது. பத்து நிமிடம் விட்டால் உயிர் வரும், இருநூறு மீட்டர் தூரம் போகும், மறுபடி அணையும். மூன்று தடவை இப்படி. ஹப் மேல் கை வைத்தேன், இரண்டு நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை.

25 கிலோ வண்டி, இடது முழங்காலில் ஜவ்வு ஆபரேஷன் ஆன ஆள், மேலே இன்னும் 260 மீட்டர் உயரம், போனில் சிக்னல் இல்லை. தள்ளிக்கொண்டு போகும்போது இலை பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா மேலிருந்து குரல் கொடுத்தார். "தம்பி, ரெண்டு வளைவுக்கு மேல காட்டு மாடு கூட்டமா நிக்குது, இப்பப் போகாதீங்க." இலை எடை போடும் கொட்டகையில் உட்கார வைத்துக் கட்டஞ்சாயா கொடுத்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து இலை ஏற்ற வந்த டிராக்டரில், சாக்குகளைத் தள்ளி இடம் பண்ணி, வண்டியையும் என்னையும் மேலே கொண்டுபோய் விட்டார்கள். டிரைவர் அண்ணன் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்த அக்கா கூப்பிட்டுச் சொல்லியிருக்காவிட்டால், செத்த வண்டியோடு நேராகக் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றிருப்பேன்.

"சைக்கிள் என்றால் மிதிக்க வேண்டும், மோட்டார் எதற்கு" என்று கமென்டில் வருபவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் பதினெட்டு வருடம் சாதா சைக்கிள் ஓட்டியவன். ஆபரேஷனுக்கு அப்புறம் மலை ஏறுவது முடிந்தது என்றே நினைத்திருந்தேன், இந்த வண்டிதான் அதைத் திருப்பிக் கொடுத்தது. அதனால் கம்பெனியைத் திட்டுவதற்காக எழுதுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். அந்த 75 பொய் என்றும் சொல்லமாட்டேன், சமமான தார் ரோட்டில், லேசான ஆள், குறைந்த அசிஸ்டில் நன்றாக மிதித்தால் வரலாம். மலைக்கு அந்த எண்ணால் பயனில்லை, அவ்வளவுதான்.

மலைக்கு உயரத்தை வைத்துத்தான் கணக்கு. நான், வண்டி, பை எல்லாம் சேர்த்து 108 கிலோ. இந்த எடையை 100 மீட்டர் உயரம் தூக்க, சக்கரத்தில் மட்டும் கிட்டத்தட்ட 30 வாட் ஹவர் வேண்டும். இது இயற்பியல், எந்த கம்பெனி வண்டியானாலும் மாறாது. ஹப் மோட்டார் மெதுவான செங்குத்து ஏற்றத்தில் பேட்டரியிலிருந்து எடுப்பதில் பாதியைச் சூடாகவே விட்டுவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மிதிக்காமல் த்ராட்டிலில் ஏறினால் 100 மீட்டருக்கு 60 போய்விடும். மண்ணிலும் கல்லிலும் உருளுவதற்கு அதற்கு மேல் தனி. அன்று நான் ஏறியது முதலில் 250, ஓடையிலிருந்து 190, மொத்தம் 440 மீட்டர். அதற்கே 264 வாட் ஹவர், உருளுவதற்கு அதற்கு மேல், என் பேட்டரி 367. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, நான்தான் முன்னாடியே போடவில்லை.

கியரைக் குறைத்தால் சரியாகிவிடாதா என்றால், ஹப் மோட்டாருக்கு ஆகாது. அது சக்கரத்தில் இருக்கிறது, கியர் உங்கள் காலுக்கு மட்டும்தான். பெடல் பக்கம் மோட்டார் இருக்கும் மிட் டிரைவ் வண்டியில் மோட்டாரின் சக்தியும் செயின், கியர் வழியாகவே போகும், அதனால் ஏற்றத்தில் சிக்கனம். பாஷ் மாதிரி கம்பெனிகளின் மிட் டிரைவ் வண்டிகளில் 625, 750 வாட் ஹவர் என்று பேட்டரி வருகிறது. நம் ஊரில் அந்த வண்டிகளின் விலை லட்சங்களில், அதனால் வாங்குங்கள் என்று சொல்லமாட்டேன்.

மார்ச்சில் அதே வண்டியில் அதே 31 கிலோமீட்டரை முடித்தேன். பேட்டரியைக் கழற்றி ராத்திரி வீட்டுக்குள் வைத்தேன். த்ராட்டிலைத் தொடவே இல்லை. அசிஸ்ட் 1, ரொம்ப முடியாத இடத்தில் மட்டும் 2. ஏற்றம் வருவதற்கு முன்னாலேயே சின்ன கியர் போட்டுக் காலை வேகமாகச் சுற்றினேன். ஏறும் உழைப்பில் ஏறக்குறைய பாதி என்னுடையது. முழங்கால் தாங்கியது, மேலே வரும்போது ஒரு கோடு மீதி.

அந்தத் தடவை வழியில் ஒரு முறை நின்றது பேட்டரியால் இல்லை, பாட்டில் கண்ணாடியால். வியூ பாயின்ட்டுக்குக் கீழே டயர் பக்கவாட்டில் இரண்டு அங்குலம் கிழிந்துவிட்டது. காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று 2022-ல் நீலகிரியில்தான் முதலில் ஆரம்பித்தார்கள், காட்டு விலங்குகள் உடைந்த கண்ணாடியை மிதித்துக் காயப்படுகின்றன என்பதற்காகத்தான். அதற்கப்புறமும் பாறையில் அடித்து உடைத்துவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது? எனக்கு ஒரு டயர் போனது, அதை விடுங்கள். வெறுங்காலோடு தேயிலைக்குள் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். எழுதும்போதே கோபம் வருகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த வண்டியின் பேட்டரி ஸ்டிக்கரில் வோல்ட்டும் ஆம்பியர் ஹவரும் இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போக நினைக்கும் பாதையில் மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம், உங்கள் எடை எவ்வளவு, முதலில் இறங்கி அப்புறம் ஏறுவதா அல்லது ஏறிவிட்டு இறங்குவதா, இவற்றைக் கீழே எழுதுங்கள். கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.