குண்டர்சனா, நீல்சனா? – கடிதம்

அண்ணா, ஸ்பீட்வே (ஓவல் மண் டிராக்ல நடக்குற பைக் ரேஸ்) வீரர் எரிக் குண்டர்சன் பத்தி நீங்க எழுதினத படிச்சேன். அவர் உலக சாம்பியன் ஆனது மூணு தடவ, அதே டென்மார்க்காரர் ஹான்ஸ் நீல்சன் நாலு தடவ. அப்புறம் எதுக்கு எரிக்கை ஒரு படி மேல வெக்கிறீங்க? 1989ல அவருக்கு நடந்த அந்த விபத்துனால வர்ற அனுதாபம்தானே?
– ஒரு வாசகர்

தம்பி,

அனுதாபம்னு சொன்னது கொஞ்சம் உறுத்துச்சு. விபத்தே நடக்காம இருந்திருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன்.

அந்தக் காலத்து உலக சாம்பியன் ஃபைனல் எப்படி நடக்கும்னு மொதல்ல பாருங்க. இப்ப மாதிரி வருஷம் முழுக்க ரவுண்டு ரவுண்டா கிடையாது, ஒரே நாள்ல முடிஞ்சிடும் (1987 ஆம்ஸ்டர்டாம் மட்டும் ரெண்டு நாள்). 16 பேர், 20 ஹீட் (ஒரு ஹீட்னா நாலு பேர் ஓட்டுற ஒரு ரேஸ்), ஆளுக்கு 5 ரேஸ், ஜெயிச்சா 3 பாயிண்ட், அடுத்து 2, 1, கடைசிக்கு சைபர். சீசன் பூரா நீங்க ராஜாவா இருந்திருக்கலாம், அன்னைக்கு ஒரு ஹீட்ல இன்ஜின் மக்கர் பண்ணா அவ்ளோதான், அடுத்த வருஷம் வாங்க.

ஒரு ரேஸ்னா நாலு லேப், ஏறக்குறைய ஒரு நிமிஷம். 500 சிசி, ஒத்த சிலிண்டர், மெத்தனால்ல ஓடுற வண்டி, ஒரே கியர், பிரேக்கே கிடையாது. பெண்ட் வந்தா ஆக்சிலேட்டர குறைக்க மாட்டாங்க, பின் வீலை வேணும்னே வழுக்க விட்டு, ஹேண்டில வலது பக்கம் திருப்பி, இரும்பு ஷூ போட்ட இடது காலை மண்ணுல இழுத்துக்கிட்டே இடது பக்கம் திரும்புவாங்க. முன்னாடி போறவன் வீல்லருந்து வர்ற மண்ணு பின்னாடி வர்றவன் கண்ணாடில அப்பிக்கும். அதனால ஸ்டார்ட்ல குறுக்க கட்டியிருக்கிற டேப் மேல போன அடுத்த ரெண்டு மூணு செகண்ட்ல, மொத பெண்ட்டுக்குள்ள யார் முன்னாடி நுழையறாங்கங்கிறதுலயே பாதி ரேஸ் முடிஞ்சிடும். எரிக் பலமே அங்கதான்.

1984 ஃபைனல், ஸ்வீடன் கோத்தன்பர்க்ல எரிக் 14 பாயிண்ட், நீல்சன் 13. அடுத்த வருஷம் இங்கிலாந்துல பிராட்ஃபோர்டு ஓட்சல் ஸ்டேடியத்துல எரிக், நீல்சன், அமெரிக்காவோட சாம் எர்மோலென்கோ மூணு பேரும் 13ல நின்னாங்க, யாரு சாம்பியன்னு முடிவு பண்ண இன்னொரு ரேஸ் (ரன்-ஆஃப்) வெச்சாங்க, எரிக் ஜெயிச்சார். 1988ல சொந்த நாடான டென்மார்க்ல, பழைய உலக சாம்பியன் ஓலே ஓல்சன் கட்டின வோயன்ஸ் டிராக்ல, மறுபடி எரிக்கும் நீல்சனும் 14, 14. மறுபடி ரன்-ஆஃப், மறுபடி எரிக். ரெண்டு தடவ ஒரே ஒரு ரேஸ்ல எல்லாமே தொங்குது, ரெண்டு தடவயும் எதிர்ல நிக்கிறது உலகத்துலயே பிசிறில்லாம ஓட்டுற ஆளு, ரெண்டு தடவயும் இவர்தான் முன்னாடி. இத வெறும் அதிர்ஷ்டம்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். அதுவும் இல்லாம 1985ல தனிநபர், ஜோடி, டீம் மூணு உலகப் பட்டமும் அவர்கிட்ட இருந்துச்சு, இதவிட நீளமான டிராக்ல நடக்குற லாங் டிராக் ரேஸ்லயும் 1984, 1986னு ரெண்டு தடவ சாம்பியன்.

சரி, விபத்து. 1989 செப்டம்பர் 17, உலக டீம் கப் ஃபைனல், அதே ஓட்சல். மொத ஹீட், மொத பெண்ட். சைமன் கிராஸ், ஜிம்மி நில்சன், லான்ஸ் கிங், எரிக், நாலு பேரும் ஒண்ணா விழுந்தாங்க. இங்கிலாந்து லீக்ல கிராட்லி ஹீத் டீம்ல கிராஸும் எரிக்கும் கூட்டாளிங்க, அத நெனச்சா இன்னும் கஷ்டமா இருக்கு. எரிக்குக்கு கழுத்துல பலத்த அடி, உயிருக்கே போராட்டம். வயசு 29, அடுத்த மாசம் பொறந்தா 30. ரேஸ் வாழ்க்கை அங்கயே முடிஞ்சிருச்சு. ஆனா மனுஷன் மெதுவா திரும்ப நடக்கப் பழகி எழுந்து வந்துட்டார், எனக்கு அது பட்டத்த விட பெரிசு. ஆனா நீங்க கேட்டது ரேஸரா யாரு பெரியவர்னு, அதனால அத இந்தக் கணக்குல நான் சேர்க்கல.

நீல்சன குறைச்சு சொல்லவே மாட்டேன். 1986, 87, 89ன்னு ஜெயிச்சு, 1995ல உலக சாம்பியன்ஷிப்ப 6 ரவுண்டா மாத்தி மொத மொதலா நடத்தின கிராண்ட் பிரியையும் 35 வயசுல தூக்கினவர், போலந்துல அவர புரொஃபசர்னே கூப்பிட்டாங்க. ஒரு முழு சீசனுக்கு ஆள் எடுக்கச் சொன்னா கண்ண மூடிக்கிட்டு நீல்சன்தான். கடைசி ஒரே ஒரு ரேஸ், அதுல ஜெயிச்சாதான் பட்டம்னா, எரிக்.