குடலிறக்க அறுவைக்குப் பின் ஆன்டிபயாடிக் மாத்திரை தராதது குறித்து

உங்கள் தந்தைக்குக் குடலிறக்க அறுவையில் வயிற்றுச் சுவரைத் தாங்கும் செயற்கை வலை பொருத்திய மறுநாளே ஆன்டிபயாடிக் மாத்திரை ஏதுமின்றி வீட்டுக்கு அனுப்பியது தவறன்று. மருந்துக் கடையில் நீங்களாக ஐந்து நாள் மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

தொற்றைத் தடுக்க, தோலைக் கீறும் நேரத்தில் திசுக்களில் மருந்து போதிய அளவு இருக்க வேண்டும் என்பதே நோக்கமாகையால், செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் ஊசியைக் கீறலுக்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் போடுகிறார்கள். அறுவை நான்கு மணி நேரம் நீண்டாலோ இரத்தம் மிகுதியாக வெளியேறினாலோதான் மறு டோஸ். தையல் போட்ட பிறகும் தடுப்புக்காக ஆன்டிபயாடிக்கைத் தொடர்வதை உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே வேண்டாமென்றது. வீணாக வயிற்றுப்போக்கும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்தான் மிஞ்சும்.

பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மட்டும் மாத்திரை கொடுத்தார்களே என்று கேட்கிறீர்கள். அதற்குக் காரணம், குடல்வால் வெடித்தது போல முன்பே தொற்று இருந்ததாக இருக்கலாம். அது தடுப்பு அன்று, சிகிச்சை. வெறும் பழைய வழக்கமாகவும் இருக்கலாம், அது இன்னும் பல இடங்களில் ஒழியவில்லை.

சந்தேகம் தீர, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஊசியின் பெயர் உள்ளதா என்று பாருங்கள். போட்ட நேரம் மயக்க மருத்துவரின் குறிப்பில் இருக்கும்.

ஆனால் காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். வலை இருப்பதால் சில வாரங்கள் கழித்தும் தொற்று தலைகாட்டக்கூடும்.