தாத்தா எந்தப் படையில் இருந்தார்? கேள்வி பதில்

போன மாதம் என் தாத்தாவின் படை விடுகைச் சான்றிதழ் கிடைத்த கதையை எழுதியதும், அட்டனிலிருந்து டொரொண்டோ வரை கேள்விகள் வந்து சேர்ந்துவிட்டன. இரண்டாம் உலகப் போருக்கு இலங்கை மலையகத்திலிருந்து போனவர்களைப் பற்றித்தான் கொஞ்சம் தெரியும். தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

"தாத்தா எகிப்துக்குப் போனார் என்று அப்பாயி சொல்லுவாங்க. வீட்டில் இருப்பது ஒரே ஒரு நட்சத்திரப் பதக்கம். அதில் பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. எங்கே தொடங்குவது சேர்?" (பொகவந்தலாவை)

தங்கச்சி, பெயர் இல்லை என்று கவலைப்படாதீர்கள். அந்தப் போரின் நட்சத்திரங்களை பிரிட்டன் தன் படையினருக்குப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தது. முதலில் பட்டியைப் பாருங்கள், அதாவது பதக்கம் தொங்கும் துணி நாடா. நீங்கள் அனுப்பிய படத்தில் அது வெளிறிய மணல் நிறம், நடுவில் அகலமாக ஒரு சிவப்புக் கோடு, ஒரு பக்கம் கடும் நீலம், மறுபக்கம் இளநீலம். இது ஆபிரிக்க நட்சத்திரம். மணல் நிறம் பாலைவனத்துக்கு, சிவப்பு தரைப்படைக்கு, இரண்டு நீலமும் கடற்படைக்கும் விமானப்படைக்கும்.

இந்தத் துணி ஒன்றே உங்களுக்கு ஒரு தேதியைத் தந்துவிட்டது. 1940 ஜூன் 10க்கும் 1943 மே 12க்கும் இடையில் வட, கிழக்கு ஆபிரிக்கப் போர்க்களங்களிலோ மால்டாவிலோ கடமையில் இருந்தவர்களுக்குத்தான் இந்த நட்சத்திரம். ஆகவே தாத்தா 1943 மே 12க்கு முன்பே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பாயி சொன்னதோடு அது ஒத்துப்போகிறது.

அடுத்தது பிரிவு. இலங்கையில் ஆள் சேர்த்து மத்திய கிழக்குக்கு அனுப்பியது பெரும்பாலும் மூன்று பிரிவுகளுக்கு: லொறி ஓட்டும் ஆர்மி சர்வீஸ் கோர், எஞ்சினியர்ஸ், பாதை போட்டுச் சாமான் இறக்கும் பயனியர் கோர். சீருடையில் எடுத்த படம் இருந்தால் தொப்பிச் சின்னத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். துப்பாக்கி, மண்வெட்டி, பிக்காசு மூன்றும் குறுக்காக அடுக்கியிருந்தால் பயனியர். எட்டு முனை நட்சத்திரம் என்றால் சர்வீஸ் கோர்.

பிரிவும் கம்பனி (பிரிவுக்குள் இருக்கும் சிறு படைக்குழு) இலக்கமும் தெரிந்த பிறகுதான் லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம் உங்களுக்குப் பிரயோசனப்படும். மத்திய கிழக்கின் போர் நாட்குறிப்புகள் அங்கே டபிள்யூ.ஓ. 169 என்ற தொடரில் உள்ளன. இத்தாலிக்குப் போனவர்களுக்கு டபிள்யூ.ஓ. 170, தென்கிழக்காசியாவுக்கு 172. அந்த நாட்குறிப்பில் தாத்தாவின் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதிகாரிகள் பெயர்தான் வரும். ஆனால் அந்தக் கம்பனி எந்த நாள் எங்கே முகாமிட்டது, என்ன வேலை செய்தது என்பதெல்லாம் நாள் வாரியாக இருக்கும். தாத்தா எங்கே தூங்கினார் என்று தெரிந்துகொள்ள அது போதும்.

ஒரு வேண்டுகோள்: பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பட்டியைத் துவைக்கவும் வேண்டாம். நிறம் போனால் தேதியும் போய்விடும்.

"டிஸ்சார்ஜ் டிக்கெட் ஒன்று கிடைத்திருக்கிறது, 1938 என்று போட்டிருக்கிறது. தாத்தா ஆர்மியில் இருந்து விலகிய கடிதம்தானே?" (மஸ்கெலியா)

இல்லை தம்பி. அது தோட்டத்துப் பற்றுச்சீட்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகும்போது துரை கையெழுத்து வைத்துக் கொடுப்பது. படையின் விடுகைச் சான்றிதழில் படை இலக்கம், பிரிவு, நன்னடத்தை பற்றிய குறிப்பு எல்லாம் இருக்கும். இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு வருகிறது. இருந்தாலும் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். 1938இல் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதற்கு அதுதான் சாட்சி.

"தாத்தாவின் பெயரைப் போட்டு இணையத்தில் எவ்வளவு தேடியும் வரவில்லை." (பண்டாரவளை)

பெயரை வைத்துத் தேடினால் வராது. ராமசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஆறேழு விதமாக எழுதுவார்கள். ஆள் சேர்த்த கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். செக்ரோலில் (தோட்டத்து வரவுப் பதிவேடு) ஒரு பெயர், கோயில் வரிப் புத்தகத்தில் ஒரு பெயர், படையில் இன்னொரு பெயர். அப்பா பெயர் முன்னால் போகும், சில வேளை பின்னால் வரும். படை இலக்கத்தைத் தேடுங்கள்.

"பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் பட்டியலில் தாத்தா இல்லை. அப்படியென்றால் அவர் படையிலேயே இல்லையா?" (வட்டவளை)

அது இறந்தவர்களின் பட்டியல். இரண்டாம் போருக்கு 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள். உங்கள் தாத்தா உயிரோடு திரும்பி, கலியாணம் செய்து, உங்கள் அப்பாவைப் பெற்றவர். அங்கே எப்படி இருப்பார்?

"எங்கள் தாத்தா சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோரில் சார்ஜன்ட். அதற்கு ஆவணம் எடுப்பது எப்படி?" (நோர்வூட்)

அண்ணன், மனம் நோகாமல் கேளுங்கள். அது வெள்ளைக்காரத் துரைமாரின் தொண்டர் படை. தலைமையகம் கண்டியில். 1914 அக்டோபரில் எகிப்துக்குக் கப்பலேறியவர்களும் அவர்கள்தான். அதில் சாதாரணச் சிப்பாயும் ஐரோப்பியர்தான். தோட்டத்துத் தமிழர் ஒருவர் அதில் சார்ஜன்டாக இருக்க வழியில்லை. துரையோடு முகாமுக்குப் போயிருக்கலாம், சமையலுக்கோ குதிரை பார்க்கவோ. அல்லது வேறு பிரிவில் சார்ஜன்டாக இருந்து, வீட்டில் பெயர் மாறியிருக்கலாம். சீருடைப் படம் இருந்தால் அனுப்புங்கள், பார்ப்போம்.

அவரே மறுபடியும்: "வெள்ளைக்காரன் எழுதி வைத்த காகிதத்தை நம்பி எங்கள் தாத்தாவைச் சமையல்காரன் ஆக்குகிறீர்கள். எங்கள் ஆட்களின் பெயரை அவன் எழுதுவானா?"

எழுதாமல் விட்டது உண்டு. அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் எழுதாமல் விட்ட இடத்தை நாம் கற்பனையால் நிரப்பினால், உண்மையாகப் போனவரின் தடமும் சேர்ந்து அழிந்துவிடும்.

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் என் தாத்தா பீரங்கி சுட்டவர். திருவிழாவில் அவருக்கு முதல் மரியாதை கொடுத்ததும் அதற்காகத்தான். அவர் காலமாகி இருபத்திரண்டு வருஷம் கழித்து, 1949ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த பழைய காகிதக் கட்டுக்குள் விடுகைச் சான்றிதழ் கிடைத்தது. மடிப்பில் நாலாகக் கிழிந்து, ஓரம் பழுப்பேறி இருந்தது. 'பயனியர் கோர்' என்று தட்டச்சு செய்திருந்தது. பீரங்கி இல்லை. பாதை போட்டவர், கப்பலில் இருந்து பெட்டி இறக்கியவர், குழி வெட்டியவர். முதலில் எனக்கும் தொண்டை அடைத்தது. அப்புறம் அந்த வேலையைப் பற்றி வாசித்தேன். பாதையும் தண்ணீரும் பெட்ரோலும் போய்ச் சேராமல் பாலைவனத்தில் ஒரு பீரங்கியும் சுட்டிருக்காது. இன்று யாராவது கேட்டால் பயனியர் என்றுதான் சொல்கிறேன்.

அந்தப் பிரஜாவுரிமைக் கட்டை ஏன் சொல்கிறேன் என்றால், திருமணமானவர் ஏழு வருஷமும் மற்றவர் பத்து வருஷமும், 1946 ஜனவரி 1க்கு முந்திய காலத்தில் தொடர்ந்து இலங்கையில் இருந்ததாகக் காட்ட வேண்டியிருந்தது. போருக்குப் போனவர் அந்த வருஷங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் அல்லவா? அதனால்தான் படைக் காகிதம் அந்தக் கட்டுக்குள் போனது. உங்கள் வீட்டுக் கட்டையும் அவிழ்த்துப் பாருங்கள் அண்ணன். சமையல்காரர் என்று வந்தால் அதையும் தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.

"இந்தச் சண்டையில் ஒன்று சேர்க்கிறேன். படையில் சேராமல் தோட்டத்திலேயே ரப்பர் வெட்டியவர்களும் அந்தப் போருக்கு உழைத்தவர்கள்தானே?" (யட்டியாந்தோட்டை)

நிச்சயமாக. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்து மலாயா முழுவதும் போனபின், நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் கிடைத்த முக்கிய இடம் இலங்கைதான். மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பட்டையை வரம்பு மீறி வெட்டச் சொன்னார்கள். அதே வருஷம் அத்தியாவசிய சேவைத் தொழிலாளர் படை என்று ஒன்றும் அமைத்தார்கள். 'தாத்தா படையில் இருந்தார்' என்று வீட்டில் சொல்வது சில வேளை இதுதான். இவர்களுக்கு லண்டனில் தேடிப் பயனில்லை. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேளுங்கள். தோட்ட அலுவலகத்தில் பழைய செக்ரோல் மிஞ்சியிருந்தால் அதைப் பாருங்கள். வருஷக்கணக்காகப் பேர் விழுந்தவருக்கு 1941இல் திடீரென்று நின்று 1946இல் மறுபடி விழுந்தால், அந்த இடைவெளியே பெரிய தடயம்.

"வெப்சைட் லிங்க் தாருங்கள்." (நான்கு பேர்)

எந்தப் படை என்று தெரியாமல் லிங்க்கை வைத்து என்ன செய்வீர்கள்? முதல் பதிலைப் படியுங்கள்.

"தாத்தா பெயர் மட்டும் தெரியும், தேடித் தர முடியுமா?" (ஏழு பேர்)

முடியாது. மூன்றாவது பதிலைப் படியுங்கள்.

"நாங்கள் சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா வந்தவர்கள். தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று சொல்வார்கள்." (கோத்தகிரி)

உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்டின் மையமும் ஆவண அலுவலகமும் குன்னூரை அடுத்த வெலிங்டனில். பிரிட்டிஷ் இந்தியப் படையின் சிப்பாய்களுடைய கோப்புகள் அந்தந்த ரெஜிமென்டின் ஆவண அலுவலகத்தில்தான். லண்டனுக்கு எழுதி நாளை வீணாக்க வேண்டாம். இறப்புச் சான்றிதழும் உறவைக் காட்டும் காகிதமும் கொண்டு போங்கள்.

"பெரியப்பா மலாயாவில் நேதாஜி படையில் இருந்தவர்." (டொரொண்டோ)

இது என் எல்லைக்கு வெளியே. இந்திய தேசிய இராணுவக் கோப்புகள் புதுடில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவர்களின் அபிலேக் படல் தளத்தில் தொடங்குங்கள்.

"ஒருவர் முப்பதாயிரம் ரூபாய் கொடுத்தால் மூலச் சான்றிதழை வைத்து லண்டனில் ஓய்வூதியம் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்." (தலவாக்கலை)

கொடுக்காதீர்கள். பணத்தையும் கொடுக்காதீர்கள், மூலத்தையும் கொடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பே புக் (படைச் சம்பளப் புத்தகம்) போனது போனதுதான், திரும்பி வரவில்லை. பிரதி எடுங்கள், கைப்பேசியில் இரண்டு பக்கமும் படம் பிடியுங்கள். லெமினேட் செய்யவே வேண்டாம்.

"பெரிய அத்தைக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. அப்பா போருக்குப் போனது மட்டும் ஞாபகம். வருஷம் தெரியாது என்கிறார். இனி அவரிடம் கேட்டு என்ன வரும்?" (இராகலை)

நிறைய வரும். இந்த வாரமே போங்கள் தங்கச்சி, கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். வருஷத்தைக் கேட்காதீர்கள். தோட்டத்தில் அரிசி குறைந்து கோதுமை மாவு கொடுக்கத் தொடங்கியதற்கு முன்னாலா பின்னாலா அப்பா போனார் என்று கேளுங்கள். பர்மா அரிசி நின்றது 1942இல். கொழும்பில் குண்டு போட்டார்கள் என்று லயமே பயந்த நாளில் அப்பா வீட்டில் இருந்தாரா என்று கேளுங்கள். அது 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அம்மா மாதாமாதம் பணம் வாங்க எந்தத் தபால் கந்தோருக்கு நடந்தார், கையில் என்ன நிறப் புத்தகம் வைத்திருந்தார் என்று கேளுங்கள். திரும்பி வந்தபோது அப்பா என்ன புதுச் சொல் பேசினார் என்றும் கேளுங்கள். அரபுச் சொல் ஒன்று வந்தால் ஒரு பக்கம் காட்டும், இத்தாலியச் சொல் வந்தால் இன்னொரு பக்கம்.

அத்தை சொல்வதை அப்படியே பதிவு செய்துகொண்டு, பிறகு அனுப்புங்கள். நாம் இருவருமாக உட்கார்ந்து பார்ப்போம்.